தேக்கி வைக்கத் தெரியாதவர்

அவருக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஊரில் சிலர் அவரை ஓட்டைவாய் என்பார்கள். அவர் மனைவியே அந்தக் கட்சிதான். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓட்டைவாய்க்காரர்கள் அடுத்த வீட்டுச் சண்டையைச் சொல்வார்கள். இவர் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்வார். கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்துவிட்டது. ரேஷன் கடையில் துவரம்பருப்பு தீரப்போகிறது. பாலத்தில் வேலை நடப்பதால் வேதாரண்யம் பஸ் இன்றைக்கு இந்தப் பக்கம் வராது. மேலத்தெரு ஆளுக்கு ஆபரேஷன், ரத்தம் வேண்டும். வீட்டில் இலை போட்டுச் சோறு வைத்திருந்தாலும் பாதியில் எழுந்து மொபெட்டை எடுத்துவிடுவார். "அந்தச் சேதி சோறு ஆறுறதுக்குள்ள ஆறிடுமா?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்பது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரின் தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, அவர் வீட்டின் பக்கவாட்டுப் பகுதியில்தான் குடியிருந்தேன். அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டேன். அவருக்கு நான் டீச்சர். என் சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே கொண்டாட்டம். "அப்ப நீங்க மேல்மடை. நீங்க குளிச்சு, துவைச்சு, மாட்டையும் கழுவி விட்ட தண்ணிதான் எங்களுக்கு வருது" என்பார். மின்சாரம் போனால்கூட மேல்மடைக்காரர்கள்தான் தேக்கிவைத்துக்கொண்டார்கள் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

சிரித்தாலும் அதில் ஒரு கொள்கை இருந்தது. கடைமடையில் பிறந்தவர்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும். தண்ணீர், உரம், நிவாரணம், தேர்தல் சமயத்தில் தலைவர்கள், எல்லாமே. "எவனோ ஒருத்தன் மதகை அடைச்சிக்கிட்டு உக்காந்திருப்பான், இங்க நாத்து காயும். சேதியும் தண்ணி மாதிரிதான் டீச்சர். வந்துச்சுன்னா அடுத்தவனுக்கு விட்டுடணும். தேக்குனா பாவம்." இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது.

வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள்தான் அவருக்குத் திருவிழா. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கப் பல நாள் ஆகும். இவர் தினமும் காலையில் மொபெட்டில் போய், தண்ணீர் எந்தப் பாலம் வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். காய்ந்த வாய்க்காலில் நுரையையும் சருகையும் பிய்ந்த செருப்புகளையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் மெல்ல வரும். அதன் கூடவே கரையில் மொபெட்டை உருட்டிக்கொண்டு நடப்பார். அவர் வந்து சொன்னால்தான் ஊரில் விதைநெல்லை ஊறப்போடுவார்கள். அவர் சொல் தப்பிப்போனதாக யாரும் சொன்னதில்லை.

புயல் வந்த வருஷமும் அவர்தான். மதியம் வானம் சும்மாதான் இருந்தது. இவர் வீடு வீடாகப் போய் "பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். வராதவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் பார்த்தால் கீழத்தெருவில் ஒரு கூரைகூட இல்லை. அதிலிருந்து அந்தத் தெருவுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

எனக்கும் ஒரு தடவை நடந்தது. வகுப்பில் இருந்தேன். வாசலில் மொபெட் சத்தம். "டீச்சர், உங்கப்பாவுக்கு நெஞ்சுவலி. உசுருக்கு ஒண்ணுமில்ல, பேசிட்டேன். நீங்க போன் எடுக்கலன்னு எனக்குப் பண்ணாங்க. வாங்க, மன்னார்குடி பஸ்ஸை நிறுத்தி வச்சிருக்கேன்." உண்மையிலேயே பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், டிரைவர் மட்டும் சிரித்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த மனுஷர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மருமகன் ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பினார். வினை அங்கேதான் தொடங்கியது. எழுதுவதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது. வந்ததை அப்படியே ஊர் வாட்ஸப் குழுவுக்குத் தள்ளிவிடுவார், கூடவே தன் குரலில் "எல்லாரும் கேளுங்க, முக்கியம்" என்று ஒன்று போடுவார். காலையில் பல் விளக்கும்போதே உலகத்தின் ஆபத்துகள் அவர் குரலில் வந்துவிடும். நாங்கள் சிரிப்போம். வீட்டில் யாரும் அவர் அனுப்புவதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மகள் கைக்குழந்தையோடு அப்போது அங்கேதான் இருந்தாள். "எங்க அப்பா போன்ல வந்த வியாதியெல்லாம் எனக்கு வந்திருந்தா நான் என்னிக்கோ போய்ச் சேந்திருப்பேன்" என்பாள்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் தடுப்பூசி போடும் முகாம் வைத்தார்கள். ஊரில் உள்ள கைக்குழந்தைகளுக்கும் அங்கேயே. நர்ஸம்மா ஒரு வாரமாகத் தெருத்தெருவாக நடந்தார். எதிர்வீட்டுச் சுமதிதான் பிடிகொடுக்கவில்லை. அவள் பையன் கவினுக்கு மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஊசி போட்டு, இரண்டு ராத்திரி காய்ச்சலில் கதறியிருக்கிறான். தொடை வீங்கிவிட்டது. புருஷன் திருப்பூரில் வேலையில் இருந்தான், இவள் தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் "அப்படித்தான் இருக்கும், மாத்திரையைக் குடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு ஊசியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. காய்ச்சல் வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்று முன்கூட்டி உட்காரவைத்து ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

நானும் நர்ஸம்மாவும் மாற்றி மாற்றிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தோம். முகாம் அன்று காலை கவினுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அப்போது அவள் போனில் சத்தம் வந்தது. காதில் வைத்துக் கேட்டாள். என்னைப் பார்த்தாள். பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அவள் மட்டுமில்லை, கீழத்தெரு முழுக்கப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டது.

டாக்டர் என்று சொல்லிக்கொண்ட எவனோ ஒருவனின் குரல் அது. இந்த ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் கைகால் விளங்காமல் போகிறதாம், மூடி மறைக்கிறார்களாம். எந்த ஊர், எந்தப் பிள்ளை, ஒன்றும் கிடையாது. முழுப் புளுகு. அதற்குக் கீழே மாமாவின் குரல்: "எல்லாரும் கேளுங்க, முக்கியம். நம்ம புள்ளைங்க விஷயம்."

சாயங்காலம் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு மாமா அந்த டாக்டர்?"

"படிச்சவர்தான் டீச்சர். குரல்லயே தெரியுதுல்ல."

"தண்ணி வந்திருக்குன்னா பாலம் வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தானே சொல்லுவீங்க? இதை யாரைப் போய்ப் பாத்துட்டுச் சொன்னீங்க?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "புயலைப் போய்ப் பாத்துட்டா சொன்னேன்? வருதுன்னாங்க, சொன்னேன். நல்ல சேதின்னா மெதுவா விசாரிக்கலாம். ஆபத்துன்னா உடனே விட்டுடணும். பொய்யா இருந்தா என்ன, ஒரு ஊசி போச்சு. நெசமா இருந்தா?"

"நெசமா இருக்கறது அந்த நோய் மாமா. அது வந்தா?"

"மணல்வாரிதானே? நம்ம ஊருல யாருக்கு வரல? வேப்பிலையைப் போட்டுப் படுக்கவச்சா எறங்கிடும்" என்றார். தட்டம்மைக்கு அங்கே மணல்வாரி என்றுதான் பெயர். அவருக்கும் சின்ன வயதில் வந்து போனதாம். வந்து பிழைக்காதவர்கள் இதைச் சொல்ல இருக்க மாட்டார்கள் என்று எனக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை.

மழைக்காலம் முடியும் நேரத்தில் கீழத்தெருவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தது. பிறகு சுமதி வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. அம்மை போட்ட வீட்டுக்குள் வேற்றாள் போகக் கூடாது, தாளிக்கக் கூடாது, மருந்து மாத்திரை என்று பேச்செடுக்கக் கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள், அவளாகப் போக வேண்டும். நோயாளியைத் தனியாக வைப்பது வரைக்கும் நல்ல வழக்கம்தான். ஆனால் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் வெளியே தெரிய வழியில்லை.

மாமா காலையும் மாலையும் அவர்கள் வேலிக்கு வெளியே நின்று இளநீரை வைத்துவிட்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தார். "டீச்சர், அந்தப் பய மூச்சு விடற சத்தம் வேலி வரைக்கும் கேக்குது" என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, சுமதியையும் கேட்கவில்லை. நூற்றெட்டுக்குப் போன் பண்ணினார். அம்மை போட்ட வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் தெருவே திகைத்தது. சுமதி பிள்ளையைத் தர மாட்டேன் என்று அழுதாள். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னைக் கேக்கச் சொல்லு. நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று சொல்லி, உள்ளே நுழைந்து பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டார்.

திருத்துறைப்பூண்டியில் பார்த்துவிட்டு, நுரையீரலில் இறங்கிவிட்டது என்று தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வார்டில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. பிள்ளைக்கு ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, "தட்டம்மை ஊசி போடலையாம்மா?" என்று கேட்டார். திட்டும் குரலில் கேட்கவில்லை. சுமதி மாமாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இவருதான் வேணாம்னாரு. இவரு சொன்னா சரியா இருக்கும்னு நான் திரும்பிட்டேன்."

மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று அத்தனை நாளாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த வார்டிலேயே போய்விட்டது.

கவின் பிழைத்தான். இடது காது மட்டும் சரியாகக் கேட்கவில்லை. சீழ் வடிந்து காய்ந்த காது, போகப் போகப் பார்க்கலாம் என்றார்கள். சுமதி அதற்குப் பிறகு மாமாவோடு பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிய அன்றே அவர் என்னிடம் போனை நீட்டினார். "டீச்சர், நான் அனுப்பினதை எல்லார் போன்லேருந்தும் அழிச்சிடுங்க."

"நாளாயிடுச்சு மாமா. இனிமே அழியாது."

"தண்ணியைக்கூடத் திருப்பிடலாம். இதைத் திருப்ப முடியாதா?" என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மொபெட்டை எடுத்தார்.

வீடு வீடாகப் போனார். புயலுக்குப் போனதைப் போலவேதான் போனார். "நான் அனுப்பினது பொய்ங்க. விசாரிக்காம அனுப்பிட்டேன். புதன்கிழமை நர்ஸம்மா ஊசி போடுறாங்க, புள்ளைங்களைத் தூக்கிட்டு வந்துடுங்க." தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. ஊசி போடாத பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஆனால் ஊர் அவர் மேல் வைத்திருந்த நம்பிக்கை இப்போது அவருக்கே குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. "நீங்க மொதல்ல சொன்னதுதான் சரியா இருக்கும். யாரோ உங்களை மிரட்டியிருக்காங்க" என்றார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார்களாமே என்று ஒருவர் காதோடு கேட்டார். ஆறுதல் சொன்னவர்கள்கூட உண்டு. அந்தப் புதன்கிழமை நர்ஸம்மா துணை சுகாதார நிலையத்தில் மருந்துப் பெட்டியோடு சும்மா உட்கார்ந்திருந்தார். மாமா வெளியே மொபெட்டின் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கொல்லையில் நாங்கள் இருந்தோம். மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அப்பா, பாப்பாவுக்கு முகாம் அன்னிக்கே போட்டுட்டேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"திருத்துறைப்பூண்டி போயிப் போட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவீங்க. அப்புறம் என்னையும் போடவிட மாட்டீங்க. அதான் சொல்லல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "எந்தக் கையில போட்டாங்க?" என்றார். வலது கை என்றாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் கண் கலங்கியதை அத்தைகூட அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

"இத ஊருல சொல்லட்டுமாம்மா?" என்று மகளைக் கேட்டார். ஒன்றைச் சொல்ல அவர் அனுமதி கேட்டு அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"சொல்லுங்க. ஆனா உங்களுக்குத் தெரியாதுங்கறதையும் சேத்துச் சொல்லிடுங்க. இல்லன்னா உங்களைத்தான் ஏசுவாங்க."

மறுநாள் காலை நான் டீக்கடைக்குப் பக்கத்தில் பால் பாக்கெட் வாங்க நின்றிருந்தேன். பெஞ்சில் கீழத்தெரு ஆட்கள் இருந்தார்கள். மாமா வந்து நின்று, "என் பேத்திக்கே முகாம் அன்னிக்கு ஊசி போட்டாச்சுங்க. நல்லாத்தான் இருக்கா. நீங்களும் போட்டுடுங்க" என்றார்.

டீ கிளாஸை வைத்துவிட்டுச் சுமதியின் கொழுந்தன் எழுந்தான். "என்னிக்குப் போட்டீங்க?"

"முகாம் அன்னிக்கு."

"ஊருக்கெல்லாம் வேணாம்னு அனுப்பிட்டு, உங்க பேத்திக்கு மட்டும் ரகசியமாப் போட்டுக்கிட்டீங்க."

மாமா வாயைத் திறந்தார். எனக்குத் தெரியாது என்ற இரண்டு வார்த்தை. அவருக்கு அது எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதற்குள் பெஞ்சிலிருந்து இன்னொருவர் எழுந்தார். "உங்க புள்ளைங்க மட்டும் நல்லா இருக்கணும், எங்க புள்ளைங்க சாவணுமா? யேய், வர்ற புதன்கிழமை எல்லாப் புள்ளைங்களையும் தூக்கிட்டுப் போங்கடா. இவரு வீட்டுக்கு மட்டுமா அந்த மருந்து?"

ஆமாம், போவோம் என்று நாலைந்து குரல் எழுந்தது. மாமா அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். நான் பேச வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அவர் போட்ட கூப்பாட்டுக்கெல்லாம் அசையாத ஊர், அவர் மேல் வந்த கோபத்தில் கிளம்பி வந்துவிட்டது. நர்ஸம்மா ஒவ்வொரு தாயிடமும் காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள், எனக்குப் போன் பண்ணுங்கள் என்று நிறுத்திச் சொன்னார். மாமா அந்தப் பக்கமே வரவில்லை.

ஊரில் அவர் இல்லாமல் வேறொரு குழு தொடங்கினார்கள். தண்ணீர் பார்க்க வேறு ஆள் போனான். அவர் அப்போதும் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு பாலம் வரைக்கும் போவார். டீக்கடையில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்து, என் பக்கத்துக் கதவைத் தட்டுவார். "டீச்சர், தண்ணி வந்துடுச்சு." எனக்கு முன்னாலேயே போனில் வந்திருக்கும். "அப்படியா மாமா? எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பேன். சந்தோஷமாகச் சொல்வார்.

எனக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று சுமதி பை தூக்க வந்தாள். மாமா பெட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். "நல்ல மனுஷன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள் மெதுவாக. "அவரு பேத்திக்குப் போட்டுக்கிட்டு எம் புள்ளையத் திருப்பி அனுப்பிட்டாரே. அதைத்தான் மறக்க முடியல." நான் நடையை எட்டிப் போட்டேன். அவள் பையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. புள்ளைங்களுக்கெல்லாம் ஊசி போட்டாச்சு, இனிமே என்ன? நான் போறப்பவாவது அவகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

"வேணாம் டீச்சர்" என்றார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு என்னைத் தெரியும். நாளைக்கே வேற எதையாவது அனுப்பிடுவேன். நீங்க சொன்னா, பாவம் நல்ல மனுஷன்னு அவங்க திரும்பவும் என்னை நம்பிடுவாங்க."